பாசல்: பாறைக்குத் தண்ணி, ஊருக்கு ஆட்டம்

பூமிக்கடியில் சூடான பாறை இருக்கு. தண்ணியை விட்டா ஆவி, ஆவியில டர்பைன். கேக்க இட்லி குக்கர் மாதிரி இருக்கு இல்லியா? சிக்கல் என்னன்னா, அந்த ஆழத்துல பாறை இறுகிக் கிடக்கும். அழுத்தத்தோட தண்ணியைச் செலுத்தி விரிசல்களைத் திறக்கணும். அணுகுண்டு செஞ்ச லாஸ் அலமாஸ் ஆய்வகம்தான் 1970-களில் நியூ மெக்சிகோவில், ஃபென்டன் ஹில்லில் இதைச் செஞ்சு பார்த்தது. அது மலைக்காடு.

ஸ்விட்சர்லாந்துக்காரங்க தோண்டினது பாசல் நகரத்துக்குள்ளேயே! மின்சாரம் போக மிச்சச் சூட்டை வீடுகளுக்குக் கொடுக்கலாம்னு கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனா 1356-ல பூகம்பத்தில் இடிஞ்ச ஊரய்யா அது.

2006 டிசம்பர் 2 அன்று 5 கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணி செலுத்த ஆரம்பிச்சாங்க. ஆறு நாளில் சுமார் 11,500 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட ஆயிரம் லோடு. 8-ம் தேதி காலையில் அதிர்வுகள் கூடவும் பம்பை நிறுத்திட்டாங்க. நிறுத்தினா? உள்ளே ஏறின அழுத்தம் உடனே வடியாதே. அன்னிக்குச் சாயங்காலமே 3.4 ரிக்டர் அளவில் ஒரு குலுக்கல். உயிர்ச்சேதம் இல்லை, சுவர்களில் கீறல். ஆனா ஜனங்க அரண்டு போயிட்டாங்க. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள 3-ஐத் தாண்டி இன்னும் மூணு அதிர்வு. (சாஃப்ட்வேர்னா ரோல்பேக் பண்ணலாம். பாறையை என்ன பண்றது?)

பல மில்லியன் பிராங்க் நஷ்டஈடு. 2009-ல திட்டத்துக்கு மூடுவிழா. திட்டத்தை நடத்தின நிலவியலாளர் மார்கஸ் ஹேரிங் கோர்ட் படியேறி, அதே டிசம்பரில் விடுதலையானார். விட்டது சரின்னுதான் எனக்குத் தோணுது. வேணும்னே யாரும் ஊரை ஆட்டல. ஆனா பழைய பூகம்பத் தழும்பு உள்ள ஊரை முதல் சோதனைக்கு எடுத்தது மகா அசட்டுத் துணிச்சல்.

2023-ல ஃபெர்வோ நிறுவனம் நெவாடாவில் இதே வித்தையில் 3.5 மெகாவாட் அளவுக்குச் சோதிச்சுக் காட்டினது ஆள் நடமாட்டம் குறைஞ்ச பாலைவனத்தில்.