கொன்றுண்ணிப் பறவைப் பராமரிப்புப் பயிற்சியும் உரிமமும் (ஐக்கிய அமெரிக்கா)

கொன்றுண்ணிப் பறவைப் பராமரிப்புப் பயிற்சி என்பது கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை முதலிய பறவைகளைக் கையாளவும், வளர்க்கவும், காயமுற்றவற்றைத் தேற்றி மீண்டும் காட்டில் விடவும் ஒருவரைத் தகுதிப்படுத்தும் பயிற்சி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகுதி முதன்மையாக இரண்டு உரிமங்களின் வழியே வழங்கப்படுகிறது. ஒன்று, பழக்கிய பறவையைக் கொண்டு வேட்டையாடும் வல்லூறு வேட்டைக்கான உரிமம். மற்றொன்று, காயமுற்ற காட்டுப் பறவைகளுக்கான மறுவாழ்வு உரிமம். இரண்டிலும் நூலறிவு மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படுவதில்லை. பறவைகளை நேரடியாகக் கையாண்டு பழகிய அனுபவமே தகுதியின் அடிப்படையாக உள்ளது.

பயிற்சியின் தேவை

கொன்றுண்ணிப் பறவைகள் தம் நோயை வெளிக்காட்டாத இயல்பு உடையவை. பறவை சோர்ந்து அமர்ந்திருப்பதைப் புதியவர் கவனிக்கும் நேரத்தில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். நல்ல எண்ணத்துடன் செய்யப்படும் தவறான உதவியும் பறவையைக் கொல்லக்கூடும். எடுத்துக்காட்டாக, பல நாட்கள் பட்டினி கிடந்து மெலிந்த பறவைக்கு உடனே முழு இரையைக் கொடுத்தால் அது இறந்துவிடலாம். அத்தகைய பறவைக்கு முதலில் உடல்நீரை ஈடுசெய்து, பின்னர் எளிதில் செரிக்கும் உணவைச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டும் உண்டு வளரும் குஞ்சுக்குக் கால்சியம் குறைந்து எலும்புகள் வளைந்து முறியும். மனிதர் கையால் மட்டுமே ஊட்டி வளர்க்கப்படும் குஞ்சு மனிதரையே தன் இனமாகக் கருதிவிடுவதால், உடல்நலத்துடன் வளர்ந்தாலும் காட்டில் வாழும் தகுதியை இழக்கிறது.

சட்டப் பின்னணி

அமெரிக்காவில் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் 1918 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மெக்சிக்கோவுடனான உடன்பாடு 1972 இல் திருத்தப்பட்ட பின்னரே கொன்றுண்ணிப் பறவைகள் இதன் பாதுகாப்பின்கீழ் வந்தன. வெண்தலைக் கழுகுக்கு 1940 இலும் பொன்னாங்கழுகுக்கு 1962 இலும் தனிச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இதனால் உரிமம் இன்றி இப்பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும்.

வல்லூறு வேட்டைக்கான கூட்டரசு விதிகள் 1976 இல் வெளியிடப்பட்டு, 2008 இல் திருத்தப்பட்டன. 2014 சனவரி 1 முதல் கூட்டரசு தனியாக இவ்வுரிமம் வழங்குவதை நிறுத்தியது. அன்று முதல், கூட்டரசின் குறைந்தபட்ச விதிகளுக்கு உட்பட்டு மாநிலங்களே இதை வழங்குகின்றன. மாநிலங்கள் இவ்விதிகளைவிடக் கடுமையான விதிகளை வகுத்துக்கொள்ளலாம். ஹவாய் மாநிலத்தில் வல்லூறு வேட்டைக்கு அனுமதி இல்லை.

வல்லூறு வேட்டை உரிமம்

இவ்வுரிமம் மூன்று நிலைகளைக் கொண்டது.

பயிலுநர்: குறைந்தது 12 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்காகப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். பயிலுநர் ஒரு பறவையை மட்டுமே வைத்திருக்கலாம். கூட்டிலுள்ள குஞ்சை எடுக்கவோ, வெண்தலைக் கழுகு, பொன்னாங்கழுகு போன்றவற்றை வைத்திருக்கவோ அவருக்கு அனுமதி இல்லை. செவ்வால் பருந்தும், அமெரிக்கக் கெஸ்ட்ரல் எனப்படும் சிறு வல்லூறும் பயிலுநர் பலர் முதலில் பழக்கும் பறவைகளாகும்.

பொது நிலை: குறைந்தது 16 வயது நிறைந்தவராகவும், இரண்டு ஆண்டுகள் பயிலுநராக இருந்தவராகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது நான்கு மாதங்கள் பறவையைப் பராமரித்து, பழக்கி, அதனுடன் வேட்டைக்குச் சென்றிருக்க வேண்டும். இந்நிலையில் மூன்று பறவைகள் வரை வைத்திருக்கலாம்.

வல்லுநர் நிலை: பொது நிலையில் ஐந்து ஆண்டு அனுபவம் தேவை. காட்டிலிருந்து பிடித்த பறவைகளில் ஐந்து வரை வைத்திருக்கலாம். கழுகுகளை வைத்திருக்கக் கூடுதல் அனுபவத்தைக் காட்ட வேண்டும்.

பயிலுநர் ஆக விரும்புபவர் மூன்று தடைகளைக் கடக்க வேண்டும். முதலாவது எழுத்துத் தேர்வு. பறவைகளின் பராமரிப்பு, கையாளும் முறை, சட்டங்கள் முதலியவற்றில் கேட்கப்படும் வினாக்களுக்குக் குறைந்தது 80% சரியான விடை அளிக்க வேண்டும். இரண்டாவது இட ஆய்வு. பறவையைக் காற்று, வெயில், பிற விலங்குகள் ஆகியவற்றிலிருந்து காக்கும் அறை அல்லது திறந்தவெளி அடைப்பு, அமரும் தண்டு, குளிக்கும் தொட்டி, கால்வார், நம்பகமான எடைத் தராசு ஆகியவை உள்ளனவா என்று பார்க்கப்படும். மூன்றாவது வழிகாட்டி. பொது நிலையில் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவமுள்ள, 18 வயது நிறைந்த ஒருவர் இவருக்குத் துணைநிற்பதாக எழுத்து மூலம் உறுதி அளிக்க வேண்டும். தேர்வுக்குத் தனியே படித்துவிடலாம். வழிகாட்டியை ஒருவர் தேடிச் சென்றே பெற வேண்டும். ஆர்வத்தில் தொடங்கி விரைவில் கைவிடுபவரிடம் பறவை சிக்காமல் காப்பதில் இந்த மூன்றாவது விதிக்குப் பெரும்பங்கு உண்டு.

மறுவாழ்வு உரிமம்

காயமுற்ற, நோயுற்ற, தாயை இழந்த வலசைப் பறவைகளைப் பராமரிக்க ஐக்கிய அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்ச் சேவை இவ்வுரிமத்தை வழங்குகிறது. விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டுக் காலத்தில் 100 மணிநேர நேரடி அனுபவம் பெற்றிருக்க வேண்டும். இதில் 20 மணிநேரம் வரை வகுப்புகள், கருத்தரங்குகள் மூலம் ஈடுசெய்யலாம். பெரும்பாலான மாநிலங்களில் மாநில உரிமமும் தேவைப்படும்.

உரிமம் பெற்றவர் பறவையின் உரிமையாளர் ஆவதில்லை. குணமடையும் பறவையைப் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்தக் கூடாது. தனி அனுமதி இன்றி 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. விடுவிக்கும் நிலையை அடைந்த பறவையைத் தக்க பருவத்தில், தக்க வாழிடத்தில் விட வேண்டும்.

இவ்விதிகளில் மிகக் கடினமானது கருணைக்கொலை பற்றியதாகும். தானே உண்ணவோ, நிமிர்ந்து அமரவோ, மேலும் காயமின்றி நகரவோ இயலாத பறவை சிகிச்சையால் தேறாது என்றால் அதை வலியின்றி இறக்கச் செய்வது கட்டாயம். இரு கண்களையும் இழந்த பறவைக்கும், கால் அல்லது பாதத்தையோ, முழங்கை மூட்டிலும் அதற்கு மேலும் இறக்கையையோ நீக்க வேண்டிய நிலையிலுள்ள பறவைக்கும் இதுவே பொது விதி. கால்நடை மருத்துவர் பரிந்துரைத்து, தக்க இடமும் கிடைக்கும்போது விதிவிலக்கு தரப்படலாம். பறவையை உயிருடன் வைத்திருப்பது வேறு, அதை நன்கு வாழவைப்பது வேறு என்ற வேறுபாட்டைப் பயிற்சி பெறுபவர் இங்குதான் எதிர்கொள்கிறார்.

பயிற்சியில் கற்பவை

* பிடிக்கும் முறை: கொன்றுண்ணிப் பறவையின் முதன்மைப் படைக்கலம் அலகு அன்று, கால் நகங்களே. எனவே தடித்த தோல் கையுறை அணிந்து முதலில் கால்களைக் கட்டுப்படுத்தக் கற்பிக்கின்றனர். தலையை மூடி இருட்டாக்கினால் பறவை அமைதியடையும்.
* எடை: வேட்டைக்குப் பழக்கும் பறவையை நாள்தோறும் நிறுத்துக் குறித்துவைப்பது வழக்கம். அமெரிக்கக் கெஸ்ட்ரலின் எடை ஏறத்தாழ 80 முதல் 165 கிராம் வரையே. இதில் சில கிராம் குறைவதும் ஆபத்தாகலாம்.
* பாத நோய்: பொருந்தாத தண்டில் நீண்டநேரம் அமர்வதால் பாதத்தில் வீக்கமும் சீழ்ப்புண்ணும் உண்டாகும். தண்டின் பருமனையும் மேற்பரப்பையும் மாற்றி அமைப்பதே சிறந்த தடுப்பு.
* பூஞ்சை நோய்: ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை காற்றுப்பைகளையும் நுரையீரலையும் தாக்கும். காற்றோட்டமற்ற, ஈரமான அறை இதற்கு வாய்ப்பளிக்கிறது.
* ஈய நஞ்சு: வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் விலங்குக் குடலில் உள்ள ஈயக் குண்டுத் துகள்களை உண்ணும் கழுகுகள் நஞ்சேறி நலிகின்றன. குருதிப் பரிசோதனையால் இதை அறியலாம்.
* இறகு ஒட்டுதல்: முறிந்த இறகின் தண்டில் மூங்கில் சிம்பு போன்றதைச் செருகி, முன்பு உதிர்ந்த வேறோர் இறகைப் பொருத்தும் பழைய வல்லூறு வேட்டைக் கலை இன்று மறுவாழ்வு மையங்களிலும் பயன்படுகிறது.

பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 2022 இல் அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடையே பரவி வெண்தலைக் கழுகுகளையும் கொன்றது. அதன்பின் புதிதாக வரும் பறவைகளைத் தனிமைப்படுத்துவதும், பராமரிப்பவர் தம்மைக் காத்துக்கொள்வதும் பயிற்சியில் கூடுதல் முக்கியத்துவம் பெற்றன.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1974 இல் தொடங்கப்பட்ட கொன்றுண்ணிப் பறவை மையம் இத்துறையில் பெயர்பெற்ற பயிற்சி நிலையங்களுள் ஒன்றாகும். பன்னாட்டுக் காட்டுயிர் மறுவாழ்வு மன்றம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. இச்சான்றிதழ் ஒருவரின் அறிவைக் காட்டுமேயன்றி, அரசு உரிமத்திற்கு மாற்றாகாது.

இரு துறைகளின் உறவு

பொது நிலையிலோ வல்லுநர் நிலையிலோ உள்ள வல்லூறு வேட்டைக்காரர், மறுவாழ்வு உரிமம் பெற்றவருக்கு உதவியாகப் பறவையைப் பறக்கவும் வேட்டையாடவும் பழக்கி விடுவிக்கலாம் என விதிகள் அனுமதிக்கின்றன. கூண்டில் வாரக்கணக்கில் இருந்த பறவை சிறகு கூடினாலும் தசை வலுவை இழந்திருக்கும் என்பதால் இவ்வுதவி பயனுடையது.

இவ்வுறவின் பெரும்பயன் பொரி வல்லூறின் மீட்சியில் வெளிப்பட்டது. டி.டி.ட்டி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து இவ்வினம் கிழக்கு அமெரிக்காவில் அற்றுப்போனது. அமெரிக்கா 1972 இல் டி.டி.ட்டியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. வல்லூறு வேட்டையில் தேர்ந்தவரும் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியலாளருமான டாம் கேட் 1970 இல் பெரிகிரீன் நிதியத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். வேட்டைக்காரர்கள் தந்த பறவைகளிலிருந்து குஞ்சுகள் பெருக்கப்பட்டன. இளம் பறவைகளை உயரமான இடத்தில் வைத்து, மனிதர் கண்ணில் படாமல் உணவளித்து, தாமே வேட்டையாடக் கற்கும் வரை காக்கும் பழைய முறையில் அவை விடுவிக்கப்பட்டன. 1999 இல் பொரி வல்லூறு அமெரிக்காவின் அழிவாய்ப்பு இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

செருமனியில் வல்லூறு வேட்டைக்கு வேட்டையாடுவோர் தேர்வு, வல்லூறு வேட்டைத் தேர்வு என இரண்டிலும் தேற வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் பறவை வளர்ப்பவருக்குக் கட்டாயத் தேர்வு இல்லை. லாண்ட்ரா அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழை விரும்புவோர் பெறலாம்.

பொதுமக்களும் காயமுற்ற பறவையும்

காயமுற்ற பறவையைக் காண்பவர் அதை உரிமம் பெற்ற மறுவாழ்வாளரிடம் உடனே கொண்டு சேர்ப்பதற்காக எடுத்துச் செல்ல அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கால்நடை மருத்துவரும் உரிமம் இன்றி முதலுதவி அளிக்கலாம். பறவையின் நிலை சீரான 24 மணி நேரத்திற்குள் மறுவாழ்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில், இருட்டில், ஓசையின்றி வைத்து, உணவோ நீரோ புகட்டாமல் கொண்டு செல்வதே பயிற்சி பெறாதவர் செய்யத்தக்க சிறந்த உதவியாகும்.