மோலி பிட்சர் ஜெர்மன்காரரா? ஒரு பெயரின் பூர்வீகம்

மோலி பிட்சர் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். 1778 ஜூன் 28, நியூ ஜெர்சியில் மோன்மத் போர். கொளுத்தும் வெயில். வீரர்களுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த பெண், கணவர் விழுந்ததும் அவர் இடத்தில் நின்று பீரங்கியை இயக்குகிறார். கதை பிரபலம்தான். ஆனால் அவர் யார் வீட்டுப் பெண்? அங்கேதான் சிக்கல்.

வழக்கமாகச் சொல்லப்படுவது இது: பெயர் மேரி லுட்விக். 1754-ல் டிரென்டன் அருகே, ஜெர்மன் குடியேறிகளுக்குப் பிறந்தவர். பென்சில்வேனியாவில் உள்ள கார்லைல் ஊருக்கு வந்து டாக்டர் வில்லியம் இர்வின் வீட்டில் வேலை பார்த்தார். ஹேஸ் என்ற முடிதிருத்துபவரை மணந்தார்.

இதில் லுட்விக் என்ற பெயருக்கு முக்கிய ஆதாரம் 1769-ம் ஆண்டின் ஒரு திருமணப் பதிவு. அதில் மணமகள் மேரி லுட்விக், சரி. மணமகன் பெயரோ காஸ்பர் ஹேஸ்! பிராக்டரின் பீரங்கிப் படையில் இருந்த கணவர் வில்லியம் ஹேஸ். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று சொல்லிப் பலர் சமாளித்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சிலர், இது வேறொரு தம்பதியாக இருக்கலாமே என்று கேட்டார்கள். அப்படியானால் லுட்விக் என்ற பெயர் இன்னொரு பெண்ணுடையது. ஜெர்மன் வம்சம் என்பதும் அதோடு ஆட்டம் காண்கிறது. இந்தக் கேள்விதான் நியாயமாகத் தெரிகிறது. வேறு ஆள் பெயரை ஒட்டவைத்து வம்சாவளி எழுத முடியாது.

பிறந்த ஆண்டும் அப்படித்தான். 1876-ல் ஊர் மக்கள் அவர் கல்லறையில் ஒரு கல் நட்டார்கள். 1833-ல் இறந்தார், வயது 79 என்று அதில் பொறித்தார்கள். கழித்துப் பாருங்கள், 1754 வரும். ஆனால் அவர் இறந்தது 1832 ஜனவரியில்!

கப்பல் பட்டியலில் தேடினால் என்ன? பிலடெல்பியாவில் 1727 முதல் ஜெர்மன் குடியேறிகளிடம் விசுவாசப் பிரமாணம் வாங்கிப் பெயர் எழுதி வைத்தார்கள். நல்ல ஆவணம்தான். ஆனால் பிரமாணம் எடுத்தவர்கள் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டுமே. அம்மா, மகள், வேலைக்காரப் பெண் யாரும் அதில் கையெழுத்திடவில்லை. அதனால் ஒரு பெண்ணைத் தேடினால் முதலில் அப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவைப் பிடிக்கப் பிறந்த வீட்டுப் பெயர் வேண்டும். மேரி விஷயத்தில் சந்தேகமே அந்தப் பெயரில்தான் (சுற்றிச் சுற்றி அதே இடம்!).

அதன்பின் அவர் ஆவணங்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் கணவர்கள் வழியாகத்தான். வில்லியம் இறந்தபின் ஜான் மெக்காலி என்பவரை மணந்தார். அந்தக் குடும்பப் பெயரையும் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். 1822-ல் பென்சில்வேனியா சட்டமன்றம் நிறைவேற்றிய ஓய்வூதியச் சட்டத்தில் அது 'மக்கோலி' ஆகிவிட்டது. ஆண்டுக்கு 40 டாலர். முதலில் படைவீரரின் விதவை என்று இருந்த மசோதாவை, அவரே செய்த சேவைக்காக என்று திருத்தினார்கள். அவர் வாழ்க்கையில் கிடைக்கும் காகிதங்களில் மிக மதிப்புள்ளது இதுதான். ஆனால் அதிலும் அப்பா பெயர் இல்லை.

ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற வீரர் 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், மோன்மத்தில் கணவருடன் பீரங்கியருகே நின்ற ஒரு பெண்ணைக் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எதிரியின் குண்டு அவர் கால்களுக்கு இடையே பாய்ந்து பாவாடையின் கீழ்ப்பகுதியைக் கிழித்துக்கொண்டு போனதாம். அவ்வளவு விவரம் எழுதியவர், அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை.