சாகித்தியக் கல்வியும் மூத்தோர் சொல்லும்: வீரமணி ஐயரை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து இசை வரலாற்றினை எழுதப் புகுந்தோர் பாடினோரையும் வாசித்தோரையுமே பெரிதும் பேசினர். நாகசுரமும் தவிலும் ஓங்கிய மண்ணில் அஃது இயல்பே. பாட்டினை இயற்றுவோன் எவ்வாறு உருவாகின்றான் என்னும் வினா அருகியே எழுந்தது. பாடுதற்கு வகுப்புண்டு; பரீட்சையுண்டு. வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை நடத்தியது. 1960இல் மருதனார்மடத்திலே தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி, 1975இல் அன்றைய யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. சாகித்தியம் இயற்றும் வித்தையோ, மூத்தோர் அருகிருந்து கேட்கும் பேச்சினூடாகவே பெரிதும் கைமாறியது எனலாம். இணுவில் ந. வீரமணி ஐயரின் (1931–2003) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

ஐயர் சென்னை சென்று, அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணிதேவி அருண்டேலிடம் நடனமும் பாபநாசம் சிவனிடம் (1890–1973) இசையும் பயின்றார். தமிழிசை இயக்கத்தின் அலை ஓயாத காலம் அது. கச்சேரி மேடையிலே தமிழுக்கு இடம் கேட்டோர்க்குச் சிவனின் கீர்த்தனைகளே கையிலிருந்த விடையாயின. சிவனும் ஏட்டுப் பாடத்தால் மாத்திரம் உருவானவரல்லர். திருவனந்தபுரத்திலே நீலகண்ட சிவனின் பஜனையைப் பின்தொடர்ந்தும், கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டினை ஆண்டுக்கணக்கிற் கேட்டும் தம்மை ஆக்கிக்கொண்டவர். மார்கழியில் மயிலை மாடவீதிகளிற் பாடி வலம்வந்த அவரிடம் பயின்றோர்க்கு வகுப்பறைக்கும் வீதிக்குமிடையே வேலி இருந்திராது.

மாணவராயிருந்த காலத்திலேயே ஐயர் மயிலை அம்மைமீது இயற்றிய ‘கற்பகவல்லி’ எனத் தொடங்கும் இராகமாலிகை, டி. எம். சௌந்தரராஜனின் குரலால் தமிழுலகெங்கும் பரவிற்று. பாட்டினைக் கேட்டோர் பலர். இயற்றியவர் யாழ்ப்பாணத்தவர் என அறிந்தோர் சிலரே. அதன் கட்டமைப்பு உற்றுநோக்கத்தக்கது. சரணந்தோறும் இராகத்தின் பெயர் அம்மையின் பெயராகவே வந்தமைகின்றது: ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி. முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியிற் பெரிதும் கையாண்ட இராகமுத்திரை இது. அதனைத் தமிழ் யாப்போடு பிணைத்தமையே ஐயரின் திறம். இராகப் பெயரின் ஓசையே அவ்வச் சரணத்தின் எதுகையாகின்றது. ரஞ்சனி வருஞ் சரணத்தில் ஞகர மெய்யும் சகரமும் மீண்டும் மீண்டும் இணைந்தொலிக்கின்றன. கல்யாணி வருமிடத்தில் லகர ஒற்று முன்னிற்கின்றது. பெயர் வந்து சேரும்போது செவி அதனை எதிர்பார்த்தே இருக்கின்றது. இதனை எந்நூல் கற்பிக்கும்? எதுகை யாதென யாப்பருங்கலக்காரிகை கூறும். இராக இலக்கணத்தைச் சங்கீத நூல் கூறும். இரண்டும் ஒரு சொல்லிலே சந்திக்குமிடத்தினை, பாட்டினைக் கேட்டிருந்து, இங்கே குரல் நீளவேண்டும், வல்லின ஒற்று வழியை மறிக்கும், வேறு சொல் தேடு என்று சொல்லவல்ல ஒருவரே காட்டமுடியும்.

ஊர் மீண்ட ஐயர் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலே கற்பித்தார். இது சிறிய செய்தியன்று. அங்கு பயின்றோர் நாளைய ஆசிரியர். ஒருவருக்குச் சொன்னது பல பாடசாலைகளைச் சென்றடையும். 72 மேளகர்த்தா இராகங்களிலும் அவர் உருப்படிகள் இயற்றினார். ஈழத்துக் கோயில்களைப் பாடினார். நாட்டிய நாடகங்களுக்குப் பாடல் யாத்தார். தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடிப் பழகிய மாணவர்க்கு, தம்மூர்க் கோயிலும் கீர்த்தனைக்குப் பொருளாகும் என்பது இவ்வழியே உறுதியாயிற்று. கூத்துக் களரியிலே அண்ணாவியார் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து, இடையிடையே நிறுத்தித் திருத்தும் முறைக்கும் இதற்கும் உறவுண்டு. நாட்டார் மரபு, செந்நெறி மரபு என இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் இட்டு ஆராய்ந்து பழகியதால் அவ்வுறவு மறைந்துபோயிற்று.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரு நாளிலே பெயர்ந்தனர். ஏடுகள் அழிந்தமைக்கு வருந்துவோருளர். ஏட்டில் இல்லாத கல்விக்கு நேர்ந்தது அதனினும் பெரிது. சொல்வாரும் கேட்பாரும் வெவ்வேறு நாட்டினராயினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஐயருக்குக் கௌரவ முதுமாணிப் பட்டம் வழங்கியது, தக்கதே. அவர்தம் பாடல்கள் அச்சிலும் ஒலிப்பதிவிலும் உள்ளன. அவை உருவான பேச்சு அவரிடம் பயின்றோரின் நினைவிலேயே உள்ளது. அவர்களும் இன்று முதியோர். எந்தச் சொல்லை எடுக்கச் சொன்னார், எதற்காக எடுக்கச் சொன்னார் என்று அவர்களைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணி, தமிழ்த்துறையும் இசைத்துறையும் சேர்ந்து மேற்கொள்ளத்தக்கது. சிறப்புக்கலை மாணவரின் ஆய்வேட்டுக்கும் ஏற்ற பொருளாகும்.