சப்பாத்திக்கள்ளி

சப்பாத்திக்கள்ளி, காக்டேசியே என்னும் தாவரக் குடும்பத்தில் ஓப்பன்ஷியா பேரினத்தைச் சார்ந்த முட்செடியாகும். நாகதாளி என்றும் வழங்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்தைச் சூழ்ந்த மானாவாரிப் புஞ்சைகளின் வேலியோரங்களிலும், ஓடைக்கரை மேடுகளிலும், கல்வராயன் மலையடிவாரத்துக் கரட்டு நிலங்களிலும் இன்று ஆங்காங்கே புதர்களாக நிற்கும் இச்செடி, அயல் கண்டத்திலிருந்து வந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தென்னிந்தியக் கிராமங்களை முள்ளால் வளைத்து, பின்னர் ஒரு சிறு பூச்சியால் சில ஆண்டுகளுக்குள் ஒடுக்கப்பட்ட பெருங்காட்டின் எச்சமே என்பதைப் பலரும் அறியார்.

தமிழருக்குக் கள்ளி புதியதன்று. பாலை நிலத்தையும் இடுகாட்டையும் பாடிய சங்கப் புலவர்கள் கள்ளியைக் கண்டவர்களே. ஆயின் அவர்கள் கண்டது சதுரக்கள்ளி முதலிய வகைகள். அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சார்ந்தவை, கிள்ளினால் பால் வடிப்பவை. சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது. கொழகொழப்பான நிறமற்ற சாறே கசியும். முள் அமைந்த விதத்திலும் இரண்டும் வேறுபடும். சதுரக்கள்ளியில் முட்கள் தண்டின் விளிம்பில் இரண்டிரண்டாக நிற்கும். சப்பாத்திக்கள்ளியிலோ மடலெங்கும் இடைவிட்டு அமைந்த சிறு மெத்தை போன்ற புள்ளிகளினின்றே முட்கள் கொத்தாகக் கிளம்பும். இம்முட்புள்ளி காக்டேசியே குடும்பத்துக்கே உரிய இலக்கணமாம். இக்குடும்பத்து இனங்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. மரங்களின்மேல் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் பேரினத்தின் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களிலும் இயற்கையாகவே காணப்படுகிறது.

இலையெனப் பலர் கருதும் பச்சை மடல் உண்மையில் தட்டையான தண்டேயாகும். இளமடலில் மிளகினும் சிறிய கூம்பு வடிவ இலைகள் தோன்றிச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். நெடுமுட்களைக் காட்டிலும் துன்பம் தருவன அவற்றின் அடியில் மறைந்திருக்கும் சுணைகளே. கண்ணுக்கு எளிதில் புலப்படாத கொக்கி நுனிகளை உடைய இவை, மடலைத் தொட்ட மாத்திரத்தில் தோலில் ஏறிப் பல நாள் அரிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை முதல் சித்திரை வரை சின்னசேலத்துச் செம்மண் காய்ந்து வெடிக்கும் காலத்திலும் இச்செடி பசுமை மாறாதிருப்பதற்குக் காரணம் அதன் ஒளிச்சேர்க்கை முறையாகும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்க, இதுவோ குளிர்ந்த இரவில் மட்டுமே துளைகளைத் திறந்து, ஏற்ற வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சூரிய ஒளியின் உதவியால் அவ்வமிலத்தினின்று மாவுப்பொருளை ஆக்குகிறது. ஆகையால் விடியற்காலையில் மடலின் சாறு புளிப்பேறியும், மாலையில் புளிப்புக் குறைந்தும் இருக்கும்.

மடலின் மேல் விளிம்பில் மஞ்சள் மலர்கள் பூக்கும். மலருக்குள் ஒரு வண்டு நுழைந்தாலும், துரும்பால் தொட்டாலும், கேசரங்கள் நடுவிலுள்ள சூல்தண்டை நோக்கி மெல்ல வளைவதைக் காணலாம். பழம் செந்நீலமானது. சுணை போகத் தரையில் தேய்த்து, உச்சியில் நட்சத்திரம் போல் இருக்கும் முள்ளை நீக்கிய பின்னரே கிராமத்துச் சிறுவர் அதை உண்பர். உண்டவர் நாவும் உதடும் சிவந்துவிடும். இச்சிவப்பு பீட்ரூட் கிழங்கின் நிறத்தோடு ஒரே வகையைச் சார்ந்தது. இச்செடியின் வரலாற்றை நடத்திய சிவப்போ வேறொன்று. அது பழத்தில் இல்லை, மடலை உறிஞ்சி வாழும் பூச்சியின் உடலில் இருப்பது.

கொச்சினீல் எனப்படும் அச்சாயப்பூச்சியை மெக்சிகோவில் நெடுங்காலம் வளர்த்து வந்தனர். அந்நாட்டை ஆண்ட ஸ்பானியர் அதன் வாணிகத்தைப் பிறருக்கு விட்டுக்கொடாது காத்தமையால், செஞ்சாயம் வேண்டிய ஏனைய ஐரோப்பியர் அப்பூச்சியைத் தம் குடியேற்றங்களில் வளர்க்கப் பெரிதும் முயன்றனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-ல் இங்குள்ள ஒருவகைப் புல்லில் சாயப்பூச்சியைக் கண்டதாக எண்ணி, லண்டனில் இருந்த தாவரவியல் அறிஞர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அது உண்மைக் கொச்சினீல் அன்று எனத் தெரிந்த பின்னும் அவர் சோர்வடையவில்லை. இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து கள்ளிச் செடிகள் தருவிக்கப்பட்டன. சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் எழுந்தது. அவருடைய மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கண்காணித்தார். பூச்சி வருமுன்னே அதற்கு உணவைப் பெருக்கி வைத்த அந்த ஊக்கம் மதிக்கத்தக்கதே எனினும், பின்னாளில் குடியானவர் பட்ட இன்னலுக்கு இத்தகைய முயற்சிகளும் ஒரு காரணமாயின எனக் கூறாதிருக்க இயலாது.

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சேர்த்தார். அவை மெக்சிகோவின் உயர்ந்த வகையல்ல. இன்று டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் எனப்படும் காட்டு வகை. சாயம் மட்டமாயிருந்தமையால் வாணிகம் தோற்றது. ஆயினும் எதிர்பாராத ஒரு விளைவு நேர்ந்தது: அப்பூச்சி பரவிய இடங்களில் மரம்போல் ஓங்கி வளரும் ஓப்பன்ஷியா மோனகாந்தா என்னும் இனம் வாடி மடிந்தது. இதைக் கண்டு, 1836 முதல் 1838 வரையுள்ள காலத்தில் தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே இப்பூச்சியைப் பரப்பினர். ஒரு களையை அழிக்க மனிதன் வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஏவியதற்கு உலகில் முதற் சான்றாக இதனையே அறிஞர் குறிப்பிடுகின்றனர். 1860-களில் அது இலங்கைக்கும் சென்றது. 1913, 1914-ஆம் ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இப்பகுதிகளிலிருந்தே அதைப் பெற்று அதே இனத்தை ஒழித்தன.

எனினும் நம் நாட்டுத் தொல்லை தீரவில்லை. மோனகாந்தா ஒழிந்த பின்னும், மஞ்சள் நிறத் தட்டை முட்களையுடைய ஓப்பன்ஷியா டில்லெனை என்னும் குட்டையான இனம் வேலியாக நடப்பட்டு, தரிசுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் புகுந்து பெருகிற்று. வெட்டிப் போட்ட ஒவ்வொரு மடலும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டமையால், வெட்டுதலே பயிரிடுதலாக முடிந்தது. புதர்களின் அடியில் பாம்பும் தேளும் குடிகொண்டன. பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாடுகளுக்கு மடலைக் கொடுத்து உயிர் காத்தவர்களும் உண்டு. அந்த நன்றியையும் மறக்கலாகாது. ஆனால் பழைய பூச்சி இதன் மடலைத் தீண்டவில்லை. பொதுமக்கள் ஒரே பெயரால் வழங்கிய இரு செடிகளையும் அப்பூச்சி வெவ்வேறாகவே அறிந்திருந்தது. இரண்டையும் ஒன்றென எண்ணியவர்களுக்கு முயற்சி பாதியில் நின்றதன் காரணம் விளங்கவில்லை.

விடை 1926-ல் கிடைத்தது. அமெரிக்காவினின்று ஆஸ்திரேலியாவையும், அங்கிருந்து இலங்கையையும் அடைந்திருந்த டாக்டிலோபியஸ் ஓப்பன்ஷியே என்னும் மற்றொரு பூச்சி தென்னிந்தியாவில் விடப்பட்டது. அது டில்லெனை இனத்தையே விரும்பி உண்டது. பெண்பூச்சிக்கு இறக்கையில்லை, மடலில் அலகைச் செருகி ஓரிடத்திலேயே தங்கி, மாவு பூசினாற்போன்ற வெண்மெழுகால் தன்னை மூடிக்கொள்ளும். அவ்வெண்மையை விரலால் நசுக்கினால் குங்குமச் சாறு பீறிடும். குஞ்சுகள் மெழுகிழைகளின் உதவியால் காற்றில் மிதந்து அடுத்த புதரைச் சேரும். இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலத்தில் கள்ளிக்காடு சரிந்து அழுகிற்று. கோயம்புத்தூரில் பூச்சியியல் துறையில் பணியாற்றிய டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இப்பூச்சிகளைப் பற்றி 1931-ல் எழுதியது, இத்துறையில் பயில்வோர் இன்றும் நாடும் கட்டுரையாகும்.

அக்காலத்தில் தென்னாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த சின்னசேலத்துப் பகுதியில் இப்போது கள்ளி வேலிகள் அருகிவிட்டன. அவற்றின் இடத்தைச் சீமைக்கருவேலும் கம்பிவேலியும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய புதர்களில் வெண்பூச்சியும் உடன் வாழ்கிறது. செடி பெருகினால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் செடி குறையும்.

இந்நிலையில், வறண்ட நிலங்களில் கால்நடைத் தீவனத்துக்காக முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியை நடும் முயற்சி நாட்டின் பல பகுதிகளில் நடைபெறுகிறது. அது ஓப்பன்ஷியா ஃபைகஸ் இண்டிகா என்னும் வேறோர் இனம், நல்ல தீவனமே. ஆயினும் டாக்டிலோபியஸ் ஓப்பன்ஷியே அவ்வினத்தையும் உண்ணும். 2014 முதல் மொராக்கோ நாட்டில் அப்பூச்சி புகுந்து கள்ளித் தோப்புகளைப் பாழாக்கியிருக்கிறது. எனவே நம் புஞ்சையில் அதை நட விழைவோர், முதலில் அருகிலுள்ள வேலிப் புதர்களின் மடல்களைப் புரட்டிப் பார்த்து, வெண்பூச்சி இருக்கிறதா என அறிந்து, அதன் பின்னரே கன்றுகளைத் தருவிப்பது நலம்.