32 எண்டு ஆர் சொன்னது? டயர் கேஜின் கதை

போன விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர், எங்களில் ஒருத்தன்ர வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டோம். ஜப்பானில் இருந்து வந்த பழைய ரீகண்டிஷன் கார். விடிய வெள்ளன ஒரு கடையில் காத்து அடித்தோம். "நாலுக்கும் 32 அடிச்சிருக்கு தம்பி, பயமில்லாமல் போங்கோ" என்றார் கடைக்கார அண்ணை. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் தேத்தண்ணிக்கு இறங்கினோம். பின் டயர்கள் கொஞ்சம் சப்பி இருக்கிற மாதிரித் தெரிந்தது. அங்கே இருந்த டயர் கடைக்காரர் தன்ர கேஜை வைத்துப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"32 எண்டு ஆர் சொன்னது? 26தான் நிக்குது."

ஒரே கார், ஒரே நாள், இரண்டு இலக்கங்கள். அவர் தன்ர கேஜ்படி 32 ஆக்கிவிட்டார். மலையேறி இறங்கிப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. கேஜ் ஒன்று வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். எதை வாங்குவது என்று தேடப் போய், கலைப்பீடப் பிள்ளைகள்தானே, அதன்ர வரலாற்றுக்குள் இறங்கிவிட்டோம்.

பெருவிரலில் இருந்து தொடங்கலாம். எங்கட அப்பாமாருக்குக் கேஜ் தெரியாது, விரல்தான் தெரியும். 90களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தேடக் கிடைக்காத பொருள். கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சனம் எங்கே போவதென்றாலும் சைக்கிள்தான். ஏறுவதற்கு முதல் டயரை விரலால் அமத்திப் பார்ப்பது அந்தத் தலைமுறையின்ர கைப்பழக்கம். அது அறியாமை இல்லை. அந்தச் சைக்கிள்களில் இருந்த பழைய வகை வால்வில் கேஜ் வைத்து அளக்க ஏலாது. உள்ளே ஊசி இல்லை, ஒரு சின்ன இறப்பர் குழாய்தான் காத்தை மறிக்கும். கருவி அளக்க முடியாத இடத்தில் விரல் அளந்தது. மெல்லிய சைக்கிள் டயருக்கு அது ஓரளவுக்குப் போதும். தடித்த கார் டயரிலோ 24க்கும் 32க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

கேஜ் என்ற கருவி டயருக்காகப் பிறந்ததில்லை. அது பிறந்தது நீராவிக் கொதிகலனுக்காக. 1643இல் இத்தாலியில் தொரிசெல்லி இரசத்தை வைத்து வளிமண்டல அமுக்கத்தைக் காட்டினார். 76 சென்ரிமீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, அதுதான். 19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரங்கள் பெருக, கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். உள்ளே எவ்வளவு அமுக்கம் என்று தெரிய வேண்டியிருந்தது. அதை இரசத்தால் அளக்கப் போனால், வளிமண்டல அமுக்கத்தின் பத்து மடங்குக்கு ஏழரை மீற்றருக்கு மேல் குழாய் வேண்டும். ஓடுகிற ரயிலில் அதை எங்கே வைப்பது?

1849இல் பாரிஸ் பொறியியலாளர் யூஜேன் பூர்தோன் இதற்கு வழி கண்டு காப்புரிமை எடுத்தார். வளைத்த ஒரு குழாய் வேலையின்போது தட்டையாகிவிட, அதை நிமிர்த்த உள்ளே அமுக்கத்தோடு நீரைச் செலுத்தினார்களாம். நீர் ஏற ஏற வளைவு விரிந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். பீப்பீயை ஊதினால் சுருள் விரியும் அல்லவா, அதே சங்கதிதான். அந்தக் குழாயின் நுனியில் ஒரு முள்ளைப் பூட்டினால் வட்டக் கேஜ். இன்று கடையில் வாங்குகிற வட்ட முகக் கேஜுகளில் பலவற்றுக்குள் இருப்பது பூர்தோனின் அதே குழாய்.

டயர் பிறகுதான் வந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ரொபேர்ட் வில்லியம் தொம்சன் 1845இல் காத்து நிரப்பிய டயருக்குப் பிரித்தானியாவில் காப்புரிமை எடுத்தார். அப்போது சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. குதிரை வண்டிக்கு அது விலை கூடின சாமான். ஆட்கள் மறந்துபோனார்கள். 1888இல் பெல்பாஸ்டில் இருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தன்ர மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குச் செய்து பார்த்ததை வைத்து, தானும் காப்புரிமை எடுத்தார். தொம்சன் முந்திவிட்டதால் அது பிறகு செல்லாமல் போனது. ஆனால் டயர் நின்றது. 1893இல் நியூயோர்க்கில் ஷ்ரேடர் என்பவரின் பட்டறையில் இருந்து ஊசி வைத்த வால்வு வந்தது. இன்று எங்கட கார், மோட்டார் சைக்கிள், ஓட்டோ எல்லாவற்றிலும் இருப்பது அந்த வால்வுதான். கேஜை வைத்து அமத்தினால் நடுவில் உள்ள ஊசி உள்ளே போகும், காத்து கேஜுக்குள் வரும். அந்த ஊசி வந்த பிறகுதான் டயரை வைத்திருக்கிற எவரும் அதை அளக்கலாம் என்றானது.

டயரின்ர கதையில் எங்கட நாடும் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்கு வந்தது. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்கள் பெருக, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. அங்கே பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியவர்களில் அவர்களும் அடக்கம். 1952இல் சீனாவோடு செய்த இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தால் நாடே சோறு தின்றது அவர்கள் வெட்டின பாலில்தான்.

தோட்டத்திலும் ஒரு கேஜ் இருந்தது. வெட்டிக் கொண்டுவந்த பாலை அளந்து, அதற்குள் மெட்ரோலாக் என்ற மிதவையை விட்டு, தண்ணி எவ்வளவு, இறப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பால் வெட்டினவரின்ர உழைப்பு எவ்வளவு என்று சொன்னது அந்த இலக்கம். ஆனால் கருவி அவரின்ர கையில் இல்லை. இலக்கத்தைச் சொல்கிறவர் ஒருவர், அதை நம்ப வேண்டியவர் இன்னொருவர். டயர் கடையில் நாங்கள் நின்ற நிலையை இதோடு ஒப்பிட ஏலாது, அவர்களுக்குப் போனது வயிற்றுப்பாடு. ஆனாலும் அளவுக்கருவி ஆரின்ர கையில் இருக்கிறது என்ற கேள்வி எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

இலக்கத்தால் உயிர் போன கதையும் இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வாகனங்கள் ஃபயர்ஸ்டோன் டயர்களோடு ஓடின. ஃபோர்ட் சொன்ன அமுக்கம் 26 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். டயரின் மேற்படை கழன்று, வாகனங்கள் உருண்டன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதன் பிறகு ஃபயர்ஸ்டோன் 30 வையுங்கள் என்றது. 270க்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக அமெரிக்க அரசின் கணக்கு. டயரின் வடிவமைப்பு, தொழிற்சாலை, வாகனம், வெயில் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. நிறுவனங்கள் ஒன்றையொன்று குற்றம் சொல்லின. அதில் ஒரு காரணம் காத்துக் குறைவு. காத்துக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூட மடியும், மடிய மடியச் சூடேறும், சூடு இறப்பரையும் உள்ளே இருக்கிற உருக்குக் கம்பியையும் பிரிக்கும்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் அமெரிக்காவின் புதுக் கார்களில் டயர் எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. ஆனால் அந்த விதிப்படி, சொல்லப்பட்ட அளவில் 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிய வேண்டும். 32 என்றால் 24க்கு வரும்வரை அது பேசாமல் இருக்கலாம். விளக்கு இருக்கிற காருக்கும் கேஜ் தேவை.

சரி, எப்படித் தெரிவு செய்வது? நாங்கள் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் உங்கட வாகனத்துக்கு என்ன இலக்கம் என்று பாருங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். டயரின்ர பக்கத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. ஜப்பான் கார் ஸ்டிக்கரில் பி.எஸ்.ஐ. இருக்காது, கிலோபஸ்கால் இருக்கும். 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 240 என்றால் 35. இரண்டு அலகும் உள்ள கேஜ் வாங்கினால் கணக்குத் தேவையில்லை.

இரண்டாவது, எது வரைக்கும் அளக்கிறது என்று பாருங்கள். இதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. வட்டக் கேஜின் பிழையை அதன் முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 160 வரை உள்ள கேஜில் 3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ. கூடக் குறையக் காட்டலாம். 60 வரை உள்ளதில் 2 சதவீதம் என்றால் 1.2தான். வட்டக் கேஜுகள் முகத்தின் நடுப்பகுதியில்தான் திறமாகக் காட்டும். 32க்கு 60 வரையுள்ள கேஜ் அளவானது. பெரிய இலக்கம் இருந்தால் நல்ல சாமான் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, வகை. பேனை மாதிரி இருக்கிறது மலிவு, பற்றரி தேவையில்லை, சேட்டுப் பையிலும் கொண்டு திரியலாம். உள்ளே ஒரு ஸ்பிரிங்தான். ஊத்தை போனால் இறுகும், கோடுகளை வாசிப்பதும் கஷ்டம். வட்டக் கேஜ் வாசிக்கச் சுகம், ஆனால் கீழே போட்டால் கெடும். இறப்பர் உறை போட்டதை எடுங்கள், சும்மா இருக்கும்போது முள் சரியாக 0வில் நிற்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் இருட்டிலும் தெரியும், பற்றரி தீர்ந்தால் ஒன்றுமில்லை. அது 31.7 என்று தசமத்தில் காட்டுவதால் துல்லியம் என்று அர்த்தமில்லை. பிழையான இலக்கத்தையும் தசமத்தோடு காட்டலாம்.

நாலாவது, ஒரே டயரில் மூன்று தரம் வைத்துப் பாருங்கள். மூன்றும் கிட்டக்கிட்ட வரவேண்டும். 28, 32, 30 என்று ஆடினால் விலை எவ்வளவானாலும் வேண்டாம்.

அளக்கும் நேரமும் முக்கியம். விடிய, வாகனம் ஓட முதல் அளக்க வேண்டும். ஓடினால் டயர் சூடேறி இலக்கம் கூடும். இது தெரிந்த பிறகுதான் எங்களுக்கு வவுனியாக் கதை விளங்கியது. 32 உண்மையென்றால், 140 கிலோமீற்றர் ஓடிய பிறகு 35 அளவில் காட்டியிருக்க வேண்டும். 26 காட்டியது. அப்படியென்றால் வெளிக்கிடும்போது 23 அளவில்தான் இருந்திருக்கும். ஐந்து பேர், பைகள், நீளத்துக்கும் வெயில். இப்ப நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2022 எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று. 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் அளவில் வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. 6 குறைந்தால் 20 லீற்றரில் கால் லீற்றர். பெரிய காசில்லை. கேஜ் வாங்குவது காசுக்காக இல்லை.

60 வரையுள்ள வட்டக் கேஜ் ஒன்றை வாங்கினோம். அடுத்த நாள் விடிய காரில் வைத்துப் பார்த்தபோது நாலு டயரும் 29. சூட்டில் 32 அடித்த டயர் குளிரில் 29க்கு இறங்குவது சரிதான், வவுனியாக்காரரின் கேஜ் எங்கட கேஜோடு ஒத்துப்போனது. பிறகு அதை எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனோம். சண்டை பிடிக்க இல்லை. அண்ணை இரண்டையும் ஒரே டயரில் வைத்துப் பார்த்தார். அவரின்ர கேஜ் 9 கூடக் காட்டியது.

"இது கனதரம் விழுந்தது தம்பி" என்று சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "சரி, உங்கட சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

எங்களிடம் உடனே மறுமொழி இல்லை. உள்ளே இருந்து இன்னொரு பழைய கேஜை அவரே தேடி எடுத்து வந்தார். அது எங்கட கேஜைவிட ஒன்றுதான் கூடக் காட்டியது. விழுந்த கேஜை மேசைக்குக் கீழே போட்டுவிட்டு, பழையதைக் கொழுக்கியில் கொழுவினார். "மாதத்துக்கு ஒருக்கா உங்கட சாமானைக் கொண்டு வாங்கோ, வைச்சுப் பாப்பம்" என்றார்.

போன கிழமையும் கொண்டுபோனோம். இன்னும் ஒன்றுதான் வித்தியாசம்.