முதலாம் இலங்கைக் குடியரசும் மலையகத் தோட்டங்களும் (1972–1978)

இலங்கையில் 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பிரித்தானிய முடியின் பெயரால் நடந்த ஆட்சியை அகற்றி நாடாளுமன்றக் குடியரசை நிறுவியது. அரச தலைவர் பரம்பரை மன்னராக அல்லாமலும் ஆட்சியைத் தாமே நடத்தாமலும் இருக்க, நிர்வாகப் பொறுப்பைச் சட்டவாக்க அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பிரதமரும் அமைச்சரவையும் ஏற்பதே இம்முறையாகும். இந்தியாவில் குடியரசுத் தலைவரை மத்திய, மாநில அவைகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க, இலங்கையிலோ பிரதமரே சனாதிபதியை நியமித்தார். அவ்வகையில், முடியின் பிரதிநிதியாகக் கடைசி மகாதேசாதிபதியாக இருந்த வில்லியம் கொபல்லாவ சனாதிபதியானார், அதிகாரம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையிடம் இருந்தது.

மேலவையான செனற் சபை 1971இலேயே ஒழிக்கப்பட்டிருந்ததால், தேசிய அரசுப் பேரவை என்னும் ஒற்றை அவை அரச அதிகாரத்தின் உச்சக் கருவியாயிற்று. மசோதாக்களை மட்டும் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆராயலாம். நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க இயலாது. சிறுபான்மையினருக்குக் காப்பாக, 1972க்கு முன் நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவும் கைவிடப்பட்டது. எனினும் அப்பிரிவு இருந்தபோதே, மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதையும், உச்ச மேன்முறையீட்டு மன்றமாயிருந்த பிரித்தானியப் பிரிவி கவுன்சில் 1953இல் அதனைச் செல்லுபடியாக ஏற்றதையும் நோக்கினால், மலையகத்துக்கு அது ஏட்டளவிலான காப்பே.

அதிகாரம் முழுவதும் ஓர் அவையில் குவியும்போது, அதற்கு வாக்களிக்க இயலாதோருக்கு வேறு வாயில் இருப்பதில்லை. 1947இல் ஏழு இடங்களை வென்ற, தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ், அவர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டபின் 1952இல் ஓரிடமும் பெறவில்லை. தொகுதிகளை வகுக்கையில் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தோரும் மக்கள்தொகையில் சேர்க்கப்பட்டனர். அதனால் கூடிய இடங்களின் பலன் வாக்குள்ள அயலவருக்கே சென்றது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியபோது, அங்கு உழைத்தவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் அதில் இல்லை. 1970இல் நியமன உறுப்பினரான தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. அஸீஸ் மட்டுமே அவர்கள் சார்பில் பேசும் நிலையில் இருந்தார்.

இந்தியாவுடன் 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே ஒரு பகுதியினர் இலங்கைக் குடியுரிமை பெற்றிருந்ததால், 1977 தேர்தலில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். ஆனால் அவ்வாண்டு அக்டோபரிலேயே அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேற்றதிகாரமுள்ள சனாதிபதி முறையைக் கொண்டுவர, 1978 பெப்ரவரி 4இல், அதுவரை பிரதமராயிருந்த ஜே. ஆர். ஜயவர்தன சனாதிபதிப் பதவியை ஏற்றார். தொண்டமான் 1978இல் சேர்ந்த அமைச்சரவைக்குத் தலைவர் பிரதமர் அல்லர், சனாதிபதியே.