ரசமட்டம் வந்த கதை

நம் பேஸ்மென்ட் கூட்ட அறையில் டைல்ஸ் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பண்டைய எகிப்தியர் 'ஏ' வடிவ மரச்சட்டத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். நூல் நடுக்கோட்டில் நின்றால் தரை மட்டம். 1661 வாக்கில் பிரான்சின் தெவெனோ, திரவம் அடைத்த குழாயில் காற்றுக்குமிழி நடுவில் நிற்பதை வைத்து மட்டம் பார்த்தார். கொத்தனார் கையிலுள்ள ரசமட்டம் அந்த வழியில் வந்ததுதான்.

பெரிய அறைக்கு அது போதாது; தண்ணீர் நிரப்பிய டியூப் வேண்டும். அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தை நான்கு சுவரிலும் குறித்து, அங்கிருந்து தரை வரை அளந்தால் கான்கிரீட்டின் மேடுபள்ளம் தெரிந்துவிடும்.

மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்பிய பிறகே டைல்ஸ். அவசரப்பட்டால், அடியில் வெற்றிடம் விழுந்த டைல்ஸ் நாற்காலி இழுக்கும்போதே உடையும். செலவு நம் எல்லோர் தலையிலும் விழும். மட்டம் பார்க்கும் நாளில் நீங்களும் வந்து நில்லுங்கள்.